உப்பளக் கரையும் வலைப்பக்கப் படிவமும்

நெய்தல் நிலத்தின் செல்வம் உப்பு. உமணர் அதனை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டு சென்ற செய்தியைச் சங்க இலக்கியம் நமக்குக் கூறுகின்றது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் அமைந்த மரக்காணத்தில் இன்றும் அத்தொழில் நடைபெற்று வருகின்றது. பாத்திகளில் உவர்நீரைத் தேக்கி, வெயிலில் வற்றச் செய்து, உப்பை வாரியெடுக்கும் உழைப்பாளர்க்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வேலை இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அக்காலத்திற்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் நடைமுறைப்படுத்தியது. அமைப்புசாராத் தொழிலாளர் அனைவரையும் பதிவு செய்வதற்கென நடுவண் அரசு 26.8.2021 அன்று இ-ஷ்ரம் வலைத்தளத்தைத் தொடங்கியது.

இத்தகைய உதவிகளுக்கு முதற்படி பதிவு. பதிவுக்கு வாயில் படிவம். வலைப்பக்கப் படிவம் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதை, மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் ஒருவருக்கான படிவத்தை நாமே அமைப்பதாகக் கொண்டு காண்போம்.

படிவத்தின் உறுப்புகள்

வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழி எச்.டி.எம்.எல். ஆகும். 1995 நவம்பரில் வெளியான அதன் 2.0 பதிப்பிலேயே படிவ உறுப்புகள் இடம்பெற்றன. 'ஃபார்ம்' என்னும் குறிச்சொல் படிவத்தின் எல்லையைக் குறிக்கும். அதன் 'ஆக்‌ஷன்' என்னும் பண்பு, நிரப்பிய செய்தி சென்று சேர வேண்டிய முகவரியைச் சொல்லும். 'மெத்தட்' என்பது அனுப்பும் முறை. 'கெட்' முறையில் செய்தி முகவரியோடு ஒட்டி வெளிப்படையாகச் செல்லும். 'போஸ்ட்' முறையில் அவ்வாறன்றித் தனியே செல்லும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றிற்குப் 'போஸ்ட்' முறையே ஏற்றது, அதனோடு எச்.டி.டி.பி.எஸ். என்னும் மறையாக்க இணைப்பும் வேண்டும்.

விடை எழுதும் பெட்டியை 'இன்புட்' உருவாக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் 'நேம்' என்னும் பண்பு இன்றியமையாதது. அஃதில்லாத பெட்டியில் எழுதியது அனுப்பப்படுவதே இல்லை. கேள்வியை 'லேபிள்' கொண்டு பெட்டியோடு பிணைத்தல் வேண்டும். அப்போதுதான் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள், எப்பெட்டி எக்கேள்விக்குரியது என்பதைப் படித்துக் காட்டும்.

தவறும் இடங்கள்

முதலாவது, தொழில் பற்றிய கேள்வி. 'ரேடியோ' வகை, பலவற்றுள் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க விடும். 'செக்பாக்ஸ்' வகை பலவற்றையும் ஏற்கும். வெயிற்காலத்தில் உப்பளத்திலும் மழைக்காலத்தில் வேறு கூலி வேலையிலும் உழைக்கும் ஒருவரிடம் 'ரேடியோ' வகையில் கேட்டால், அவர் வாழ்வில் ஒரு பாதி பதிவாகாது. மழைக்காலத்தில் படிவத்தை நிரப்புபவர் அன்றைய வேலையைக் குறித்துவிட்டால், உப்பளத் தொழிலாளர் பட்டியலிலேயே அவர் பெயர் வாராது போகும்.

இரண்டாவது, பெயர். மேனாட்டு வழக்கப்படி முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு பெட்டிகள் வைப்பர். நம்மவர்க்குத் தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயரும் மட்டுமே உண்டு. குடும்பப்பெயர்ப் பெட்டிக்கு 'ரெக்கொயர்ட்' என்னும் கட்டாயப் பண்பை இட்டுவிட்டால், நிரப்புபவர் எதையேனும் எழுதியே தீர வேண்டும். பின்னர் அப்பெயர் ஆதாரிலோ வங்கிக் கணக்கிலோ உள்ள பெயரோடு பொருந்தாமற்போகும். 'முழுப்பெயர்' என ஒரே பெட்டி வைப்பதே நம் மரபுக்கு ஏற்றது.

மூன்றாவது, எழுத்தெண்ணிக்கை. 'மரக்காணம்' என்பது நம் கணக்கில் 6 எழுத்து. கணினியோ புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியே எண்ணி 9 என்று கொள்ளும். யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் அது 27 பைட்டுகளாகச் சேமிக்கப்படும். ஆங்கில எழுத்துகளை மனத்திற்கொண்டு 'மேக்ஸ்லெங்த்' பண்பால் 20 என வரம்பிட்டால், நீண்ட தமிழ்ப்பெயர் நடுவில் அறுபடும். அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்து, அரபுத்தமிழ் என்னும் எழுத்துமுறையை ஆக்கிக்கொண்டவர் நம் முன்னோர். எழுத்தை மொழிக்கேற்ப இசைவித்தார்களேயன்றி மொழியைக் குறைத்துக்கொண்டாரல்லர். படிவத்திற்கும் அந்நெறியே பொருந்தும்.

2014இல் நிறைவுற்ற எச்.டி.எம்.எல்.5, தேதி, தொலைபேசி எண் முதலியவற்றுக்குத் தனி வகைகளைத் தந்தது. எனினும் உலாவியில் நடக்கும் சரிபார்ப்பைப் பிறர் தவிர்த்துவிடக் கூடும். ஆதலின் செய்தியைப் பெறும் வழங்கியிலும் மீண்டும் சரிபார்த்தல் வேண்டும்.

அலுவலரிடம் நேரில் பேசினால் விளக்கம் கூறலாம். படிவத்திடம் கூற இயலாது. அது கேட்காததைச் சொல்ல வழியில்லை. ஆகவே, படிவம் அமைப்போர் முதலில் உப்பளத்து மக்களோடு பேசி, அவர்தம் பெயர் வழக்கையும் தொழிற்காலத்தையும் அறிந்து, அதன் பின்னரே குறிச்சொற்களை எழுதத் தொடங்குதல் வேண்டும். தமிழும் கணினியும் ஒருங்கே கற்கும் மாணவர்க்கு இப்பணி பெரிதும் உரியதாகும்.