விடுகதை வழியே மாத்தளை

சுவிற்சர்லாந்தில் வாழும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால், பொக்ஸ்ட்ரெயில் என்ற பெயர் எப்படியும் ஒரு தடவை வந்துவிடும். பாடசாலைச் சுற்றுலாவிலோ நண்பர்களின் பிறந்தநாளிலோ போயிருப்பார்கள். குள்ளநரியின் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நகரத்தைச் சுற்றிவரும் விளையாட்டு அது. லுசேர்னில் தொடங்கி சூரிச், பேர்ண், பாசல் என்று பரவியிருக்கிறது. முன்கூட்டியே நேரம் பதிந்துகொண்டு போகவேண்டும். ஒரு குழு கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்தே அடுத்த குழுவை அனுப்புவார்கள். கையில் கிடைக்கும் முதல் துப்பை அவிழ்த்தால்தான் இரண்டாவது துப்பு எங்கே என்று தெரியும். வழிகாட்டி கூட வருவதில்லை. விடையெல்லாம் நகரத்திலேயே இருக்கிறது.

பேர்ண் நகரத்தைப் பாருங்கள். 1191இல் நிறுவப்பட்டது, 1405இல் பெருந்தீயில் எரிந்தது, பிறகு மணற்கல்லால் எழும்பியது. பழைய நகரம் முழுவதையும் யுனெஸ்கோ 1983இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நடுத்தெருவில் நிற்கும் சைட்குளொக்கே மணிக்கூண்டில், மணி அடிப்பதற்குச் சில நிமிடம் முன்பே பொம்மைகள் ஆடத் தொடங்கிவிடும். பொன்னிறச் சேவல் கூவும், கோமாளி முந்திக்கொண்டு மணியை ஆட்டுவான், கரடிகள் வரிசையாகச் சுற்றும். சும்மா கடந்துபோகிறவர் படம் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவார். ‘முதலில் மணி அடிப்பவன் யார்?’ என்று ஒரு கேள்வியைக் கையில் வைத்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அண்ணாந்து பார்த்தபடி அங்கேயே நிற்கும். பக்கத்துக் கிராம்காஸ தெருவில் 49ஆம் இலக்க வீட்டில்தான் 1903 முதல் 1905 வரை ஐன்ஸ்டீன் குடியிருந்தார். கொஞ்சம் தள்ளி, குழந்தையை வாயில் திணிக்கும் அரக்கன் சிலையோடு 16ஆம் நூற்றாண்டு நீரூற்று ஒன்று. அந்த அரக்கன் யார் என்று இன்றுவரை ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள்.

இந்த விளையாட்டுக்கு வெளிநாட்டு நகரம்தான் வேண்டுமா? மாத்தளை மாவட்டத்தைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். யாழ்ப்பாணம் போகிறவர்கள் எல்லோரும் அறிந்த ஏ-9 வீதி, கண்டியிலிருந்து வடக்கே ஏறும்போது இந்த மாவட்டத்தை ஊடறுத்துச் செல்கிறது. அந்த ஒரே வீதியை ஒட்டி இரண்டாயிரம் ஆண்டு வரலாறு கிடக்கிறது. பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் அதைக் கடந்துவிடுகிறோம். ஆகவே சில விடுகதைகளைக் கட்டிப் பார்த்தேன். பிள்ளைகளோடு போகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

‘ஓடிவந்த இரும்பு ஓய்ந்துபோகும், அதற்கப்பால் காலே வண்டி.’ இது மாத்தளை ரயில் நிலையம். கண்டியிலிருந்து வரும் பாதை 1880இல் இங்கே வந்து சேர்ந்தது, இங்கேயே முடிந்தது. விடுகதையின் இரண்டாம் பாதிதான் கனமானது. ரயில் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடை. குடிக்கத் தண்ணீர் இல்லாமலும் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். விழுந்தவர்களை விட்டுவிட்டுக் கங்காணியின் பின்னால் மற்றவர்கள் நடந்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த வடபாதை மூடப்பட்டு, ஆட்கள் கொழும்பு வழியாகக் கொண்டுவரப்பட்டார்கள். இன்று நாம் குளிரூட்டிய வாகனத்தில் போகும் ஏ-9, இப்பகுதியில் ஏறத்தாழ அவர்கள் நடந்த தடம்தான். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை தன் பாட்டனின் பாட்டன் எந்தத் திசையிலிருந்து வந்தான் என்று ரயில் நிலைய வாசலில் நின்று கைகாட்டிச் சொல்லும். பாடப்புத்தகத்தில் அந்த இடம் சில வரிகளோடு போய்விடுகிறது.

அடுத்தது: ‘நூற்றெட்டு அடிக்கு நிமிர்ந்து நிற்பாள், ஐந்து வீடு உண்டு, ஆண்டுக்கு ஒருநாளே குடிபோவாள்.’ மாத்தளையில் இதற்கு விடை தெரியாத ஆள் கிடையாது. ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராஜகோபுரமும் மாசிமகத்தில் ஓடும் பஞ்சரதங்களும். 1983 கலவரத்தில் சேதமுற்று மீண்டும் எழுந்த கோயில் இது. பிள்ளைகளிடம் கேட்கவேண்டிய உபகேள்வி ஒன்று உண்டு: இத்தனை தெய்வம் இருக்க, மாத்தளைக்கு ஏன் மாரி? காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். அம்மையும் கொள்ளைநோயும் ஆளை வாரிக்கொண்டுபோன பாதையின் முடிவில், உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் யாரைக் கும்பிட்டிருப்பார்கள்? பழைய தோட்டத்து மக்கள் இந்த ஊரைப் பன்னாமம் என்றார்கள். ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் சுமந்த எழுத்தாளர்களையும் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும்: மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன். ஒரு சிறு நகரத்துக்கு இது சாதாரணப் பெருமை இல்லை.

‘வாசல் உண்டு, கோட்டை இல்லை, காவல் இல்லை, கல்லறை உண்டு.’ 1803இல் ஆங்கிலேயர் கண்டி அரசுக்கு எதிராகக் கட்டிய மக்டவல் கோட்டையின் எச்சம் இது. பிள்ளைகள் அங்கே நிற்கும்போது 1848ஐச் சொல்லவேண்டும். ஆளுநர் டொரிங்டன் காலத்தில் துப்பாக்கிக்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி, நாய்க்கும் வரி. போதாததற்கு ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், முடியாதென்றால் மூன்று சிலிங் கட்டவேண்டும். அந்த யூலை 26ஆம் திகதி கிளர்ச்சியாளர் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். இரண்டு நாள் கழித்துப் புரன் அப்புவின் தலைமையில் வந்த கூட்டம் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தது. மறுநாளே இராணுவச் சட்டம். ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் புரன் அப்பு சுடப்பட்டார். ‘எந்த மிருகத்துக்கு வரி போட்டதால் ஒரு நாட்டுக்குக் கோபம் வந்தது?’ என்று துப்பு வைத்துப் பாருங்கள், பிள்ளைகள் வாழ்நாளில் மறக்கமாட்டார்கள்.

நகரை விட்டு வடக்கே மூன்று கிலோமீற்றர் நடந்தால் அளுவிகாரை. ‘கீறும்போது தெரியாது, கரி பூசினால் வாய் திறக்கும்.’ கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை மனனமாகவே வழங்கிவந்த திரிபிடகம் இந்தக் குகைகளில்தான் ஓலையில் ஏறியது என்கிறது பௌத்த மரபு. பஞ்சமும் போரும் வந்து பிக்குமார் செத்து விழ, மனனம் செய்தவர்களோடு வேதமும் போய்விடுமே என்ற அச்சம்தான் எழுத்தாணியை எடுக்கவைத்தது. இங்கிருந்த ஏடுகள் 1848இல் அழிந்தன. இன்றும் வருகிறவர்களுக்கு அங்கே ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். எழுத்தாணி கீறும்போது வெற்றோலையாகவே தெரியும். எண்ணெயும் கரியும் தேய்த்துத் துடைத்ததும் எழுத்துத் துலங்கும். நம் திண்ணைப் பள்ளிகளில் மையாடல் என்று செய்தது இதைத்தான். இதைவிடச் சிறந்த மறைமொழிப் புதிரை எந்த விளையாட்டு நிறுவனமும் காசு கொடுத்துச் செய்யமுடியாது. பிள்ளைக்கு அடுத்த துப்பைக் கரி பூசாத ஓலையாகக் கொடுக்கலாம்.

அந்த ஓலையில் எழுதவேண்டிய வரி: ‘கல்லிலே பிறந்தது, காலில்லாமல் நடந்தது.’

மாவட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். மாத்தளையிலிருந்து இருபது கிலோமீற்றருக்கு மேல் போய், ஏ-9ஐ விட்டுக் கிழக்கே திரும்பினால் நாலந்தா கெடிகே. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்படும் கற்றளி. மாமல்லபுரம் பார்த்துவிட்டு வந்தவர் இதன் முன் நின்றால் திகைத்துப்போவார். கருவறை, முன்மண்டபம், சுவரில் அரைத்தூண்கள், மேலே கூடுகள், கூடுகளுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் முகங்கள் எல்லாமே பல்லவர் பாணி. ஆனால் வாசலில் சந்திரவட்டக் கல், வளாகத்தில் தூபி. கட்டிய கை எந்த நாட்டுக் கை, கும்பிட்ட தெய்வம் யாருடைய தெய்வம் என்று பிரித்துச் சொல்ல வருகிறவரை இந்தக் கட்டடம் வாயடைக்க வைத்துவிடும். தென்னிந்தியச் சிற்பக்கலையும் மகாயான பௌத்தமும் ஒரே சுவருக்குள் இருக்கின்றன. அப்படியே அதை ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை.

விடுகதையின் இரண்டாம் பாதிக்கு வருவோம். மகாவலித் திட்டத்தில் போவத்தன்ன நீர்த்தேக்கம் கட்டியபோது கெடிகே தண்ணீருக்குள் போகவிருந்தது. 1975இல் அதைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, 1980 வாக்கில் நீர்த்தேக்கக் கரையில் உயர்த்திய மேட்டில் மறுபடி அடுக்கி நிறுத்தினார்கள். எகிப்தில் அஸ்வான் அணைக்காக அபு சிம்பல் கோயிலை 1964க்கும் 1968க்கும் இடையில் அறுத்து மேலே ஏற்றியது உலகம் முழுக்கத் தெரியும். அதே அறிவும் பொறுமையும் வேண்டிய வேலை ஒன்றை நம் தீவிலும் செய்திருக்கிறார்கள், ஏ-9இல் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. எந்தக் கல்லுக்கு மேல் எந்தக் கல் என்பதே ஒரு பெரும் புதிர். அதை அவிழ்த்த தொழிலாளிகளும் சிற்பிகளும்தான் இந்த மாவட்டத்தின் உண்மையான துப்பறிவாளர்கள். அங்கே பிள்ளைகளை அவசரப்படுத்தக் கூடாது. ஒவ்வொருவரும் ஒரு கூட்டுமுகத்தைத் தேர்ந்து வரைந்துகொண்டு வரட்டும்.

தம்புள்ளைக்கு ஒரு வரி போதும்: ‘மதுரை உறவுள்ள மன்னன் மலைக்குள் நிற்கிறான்.’ மூன்றாவது குகையில் இருக்கும் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் சிலை. நாயக்கர் வழி வந்தவன், 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்டவன், இந்தக் குகைகளைப் புதுப்பித்து ஓவியம் தீட்டவைத்தவன். சீகிரியாவுக்கு இன்னொன்று: ‘கண்ணாடி என்பார்கள், முகம் தெரியாது, ஆயிரம் ஆண்டுக் கவிதை தெரியும்.’ கண்ணாடிச் சுவரில் பழைய பயணிகள் கீறிவைத்த கிறுக்கல்களைப் பல ஆண்டு உழைத்து வாசித்து, 685 பாடல்களை 1956இல் நூலாக்கித் தந்தார் செனரத் பரணவிதான. ஒரு சுவரை வாசிக்க ஒருவர் தன் வாழ்நாளில் பல ஆண்டுகளைக் கொடுத்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இன்று அந்தச் சுவரில் கீறுவது குற்றம், சிறைவரை கொண்டுபோகும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஒருவர் ஒரு வாளியைக் காட்டில் ஒளித்து, அதன் செய்மதி ஆள்கூறுகளை அறிவித்ததிலிருந்து, பெட்டி ஒளித்துத் தேடும் விளையாட்டு உலகெங்கும் பரவிவிட்டது. நம் நாட்டில் தொல்லிடங்களில் அது கூடவே கூடாது. புதையல் ஆசையில் தூபிகளையும் பழைய கோயில்களையும் இரவோடிரவாகத் தோண்டிப் பாழாக்கும் கூட்டத்தால் நாம் ஏற்கெனவே நிறைய இழந்துவிட்டோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருந்தும் அது நிற்கவில்லை. ஆகவே மாத்தளைத் தேடலில் எதையும் ஒளிக்கவேண்டாம், கல்லைத் தொடவேண்டாம், மண்ணைக் கிளறவேண்டாம். விடை எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதாக இருக்கட்டும்.

குழு அமைப்பதில்தான் என் முழு நம்பிக்கையும் இருக்கிறது. மாத்தளையில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையில் காய்கறி வாங்குகிறார்கள். பிள்ளைகளோ வெவ்வேறு மொழிப் பாடசாலைகளில் படித்து, பெரியவர்கள் ஆகும்வரை ஒருவரையொருவர் அறியாமல் வளர்கிறார்கள். கோயில் கல்வெட்டில் உபயகாரர் பெயரை வாசிக்கத் தமிழ் வேண்டும், விகாரைப் பலகையை வாசிக்கச் சிங்களம் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அடுத்த துப்பு கிடைக்கும் என்று அமைத்துவிட்டால், தமிழ்ப் பிள்ளை சிங்களப் பிள்ளையிடம் கேட்டே ஆகவேண்டும், அந்தப் பிள்ளையும் இந்தப் பிள்ளையிடம் கேட்டே ஆகவேண்டும். நல்லிணக்கக் கருத்தரங்குகள் எத்தனையோ பார்த்தாயிற்று. ஒரு காலைப்பொழுது சேர்ந்து அலைந்து ஒரு விடுகதையை அவிழ்த்த பிள்ளைகளுக்கு அந்த மேடைப் பேச்சு தேவைப்படாது.

வழியில் கேட்கவேண்டிய ஆட்களும் இருக்கிறார்கள். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா, வாசனைத் திரவியத் தோட்டத்தில் கறுவாப்பட்டை உரிக்கும் ஐயா, விகாரையில் எழுத்தாணி பிடிக்கும் பெரியவர். கைபேசியில் தேடக்கூடாது என்பதை முதல் விதியாக வையுங்கள். அப்போதுதான் பிள்ளைகள் ‘ஐயா, ஒரு கேள்வி’ என்று வாய் திறப்பார்கள்.

ரயில் நிலையத்திலிருந்து அளுவிகாரை வரையான பகுதியை ஒரு சனிக்கிழமைக் காலையில் நடந்தே முடித்துவிடலாம். செலவு, தண்ணீர்ப் போத்தலும் ஆளுக்கொரு கொப்பியும் பென்சிலும்தான். நாலந்தாவுக்கும் அப்பாலுக்கும் ஒரு பஸ் போதும். மாத்தளை ஆசிரியர்களே, பழைய மாணவர் சங்கத்தாரே, கோயில் அறங்காவலர்களே, விகாரைப் பெரியோரே: வரும் விடுமுறையில் ஒரு தமிழ்ப் பாடசாலையும் ஒரு சிங்களப் பாடசாலையும் சேர்ந்து இதைத் தொடங்கிவையுங்கள். விடுகதைகளை மேலே எழுதியிருக்கிறேன். இன்னும் நல்லவற்றை உங்கள் பிள்ளைகளே கட்டுவார்கள்.