உயரமானவர் எங்கே நிற்க வேண்டும்?

வலைப்பந்தோ கூடைப்பந்தோ, வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர், அதாவது பத்தடி. கல்முனைப் பக்கத்துப் பாடசாலை மைதானத்தில் உயரமான பிள்ளை ஒன்று வந்து நின்றால் சேர் வேறு எதையும் யோசிக்கமாட்டார்: "வளையத்துக்குக் கீழ போய் நில்லு." வலைப்பந்தில் அது முழுக்கச் சரி. கூடைப்பந்தில் பாதிதான் சரி.

வலைப்பந்துக்குச் சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறார். யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 208 சென்ரிமீற்றர். 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சிறந்த ஷூட்டர் அவர்தான். 2018இலும் 2022இலும் ஆசிய சம்பியனான இலங்கை அணிகளிலும் ஆடினார். அவருக்குப் பந்தை உயரே தூக்கி எறிந்தால் போதும். தடுப்பவர் எவ்வளவு எம்பினாலும் விரல் படாது. பிடித்த பிறகு மூன்று செக்கன் அவகாசம், தடுப்பவரோ மூன்றடி தள்ளித்தான் நிற்கலாம். எங்கிருந்து போட்டாலும் ஒரு கோல்தான் என்பதால் தூரத்துக்குப் போவதில் ஒரு இலாபமும் இல்லை. எதிரணிக்கு மிஞ்சுவது பந்து அவரிடம் வரும் வழியை அடைப்பது மட்டும்.

கூடைப்பந்தில் சர்வதேச விதிப்படி 6.75 மீற்றர் கோட்டுக்கு வெளியே இருந்து போட்டால் மூன்று புள்ளி, உள்ளே இருந்து போட்டால் இரண்டு. வளையத்தடியில் நூறு எறிந்து அறுபது விழுந்தால் 120 புள்ளி. வெளியே இருந்து 36 விழுந்தாலே 108. நடுத்தூரத்தில் 40 விழுந்தால் வெறும் 80! உயரமானவர் ஆசைப்பட்டு எறியும் அந்த நடுத்தூர எறிதான் அணிக்கு நட்டம்.

அத்தோடு முடியவில்லை. அவர் வளையத்தடியில் நின்றால் அவரைக் காவல் காக்கும் இன்னொரு உயரமானவரும் அங்கேயே நிற்பார். கலியாண வீட்டு வாசற்படியில் இரண்டு பேர் நின்று கதைத்தால் உள்ளே போகிறவர் என்ன செய்வார்? பந்தைத் தட்டிக்கொண்டு பாய்ந்து வரும் குட்டையான ஆட்டக்காரருக்கும் அதே கதிதான்.

அமெரிக்காவின் ப்ரூக் லோபஸ் ஏழடிக்காரர். என்.பி.ஏ. லீக்கில் முதல் எட்டுப் பருவங்களில் அவருக்கு விழுந்த மூன்று புள்ளி எறிகள் மொத்தம் மூன்று. அடுத்த 2016-17 பருவத்தில் மட்டும் 134. பிறகு மில்வாக்கி அணியில் அவர் கோட்டுக்கு வெளியே நின்றதால் காவலரும் வெளியே வந்தாக வேண்டியிருந்தது. திறந்த வழியில் சக வீரர் யானிஸ் பாய்ந்தார். 2021இல் அந்த அணி சம்பியன். இதற்கு விலையும் உண்டு: தவறி விழும் பந்தைப் பொறுக்க வளையத்தடியில் லோபஸ் இருக்கமாட்டார்.