கிட்டாரில் கீறல் விழுந்தால்

எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் வாங்கித் தந்த கிட்டார் இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் என்பதால், அதில் ஒரு கீறல் தெரிந்தாலே “இனி பீரோவிலேயே இருக்கட்டும்” என்ற பேச்சு வந்துவிடுகிறது. கீறியது யார் என்று விசாரிக்கத் தொடங்கினால், அடுத்த வாரம் ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் வருவதில்லை. அதனால் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: கீறல் பூச்சிலா, மரத்திலா?

விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால் அது மேற்பூச்சோடு நிற்கும் கீறல். ஒலிக்கு ஒன்றும் ஆகாது. தடுத்தால், கோட்டின் இருபுறமும் லேசாக அழுத்துங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தாலோ, ஒலித்துளை வழியே சிறு கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்க்கும்போது உள்ளேயும் அதே கோடு தெரிந்தாலோ, மரம் வெடித்திருக்கிறது. தந்திகளைத் தளர்த்தி, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஸ்டீல் தந்திக் கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 70 கிலோ எடைக்குச் சமம். (இழுவிசை பாடம் நடத்தும் அறிவியல் ஆசிரியருக்கு நல்ல எடுத்துக்காட்டு.) வெடித்த மரம் அதைத் தாங்காது.

மற்றவற்றை நாமே சரிசெய்யலாம். இன்றைய விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலும் பாலியூரித்தேன் போன்ற கெட்டியான பூச்சுதான். மெல்லிய கீறலுக்கு, காருக்குப் போடும் நைசான ரப்பிங் காம்பவுண்டைப் பருத்தித் துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். பளபளப்பில்லாத மேட் பூச்சில் மட்டும் தேய்க்காதீர்கள். அந்த இடம் தனியாக மினுங்கும்.

பெஞ்சில் இடித்து விளிம்பில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால், நிறம் ஒத்த நெயில் பாலிஷைத் தொட்டு வைத்து நன்றாக உலரவிடுங்கள். அதன் மேல் ஃபெவிக்விக்கைத் துளித்துளியாக விட்டுப் பள்ளத்தை நிரப்பி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துச் சமன் செய்யலாம். பசை வேலை ஆசிரியர் கையில் இருக்கட்டும். நெயில் பாலிஷ் ரிமூவரை மட்டும் கிட்ட விடாதீர்கள். பழைய, விலையுயர்ந்த கிட்டார்களில் உள்ள நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை அதிலுள்ள அசிட்டோன் கரைத்துவிடும்.

முழுக் கிட்டாருக்கும் எனாமல் பெயிண்ட் அடித்துப் புதிதாக்கும் யோசனைக்கு நான் எதிரி. மேற்பலகை அதிர்ந்துதான் ஒலி வருகிறது. தடித்த பூச்சு அந்த அதிர்வை அமுக்கும். அதைவிடக் கீறலோடு இருப்பது மேல். அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969 முதல் வாசித்துவரும் ‘ட்ரிக்கர்’ என்ற மார்ட்டின் கிட்டாரில், பிக் உரசி உரசி ஒலித்துளைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை விழுந்துவிட்டது. நைலான் தந்திக் கிட்டார் விரலால் மீட்ட வந்தது, அதில் பிக் உரசலைத் தாங்கும் தகடு கிடையாது. உங்கள் பள்ளியில் இருப்பது நைலான் என்றால் பிக் கொடுக்காதீர்கள்.

பின்பக்கக் கீறல்களுக்குக் காரணம் பெல்ட் பக்கிளும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும்தான். வாசிக்கும்முன் அட்டையைக் கழற்றி, பக்கிளை இடுப்பின் பக்கவாட்டுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். சாய்த்து வைக்கும் மூலையில் பழைய பருத்தித் துண்டு விரிக்கலாம். ரப்பர் வேண்டாம், சில பூச்சுகளில் அது நாளடைவில் ஒட்டிக் கறையாக்கிவிடும்.