எலிக்காய்ச்சலும் அதன் கிருமியும்

கம்பம், போடி பக்கங்களிலிருந்து இடுக்கி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்கு வரும் தமிழ் மக்கள் பலர். ஆனைக்கரையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நிழல் மரங்களின் கீழே மண் பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும். ஏலக்காயோ செடியின் உச்சியில் காய்ப்பதன்று. தூரையொட்டித் தரைமீது படரும் சரங்களில் காய்ப்பது. ஆதலின் குனிந்தும் குந்தியும், கைகால்கள் மண்ணிற் படிய வேலை செய்தல் வேண்டும். எலிக்காய்ச்சலைப் பற்றிப் பேசப் புகும் நாம் இத்தோட்டங்களிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

இந்நோயை விளைவிப்பது லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா. திருகுசுருள் போன்ற மெல்லிய உருவமுடையது. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கு. 1886இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ப் வைல், காமாலையோடு கூடிய இக்காய்ச்சலை விவரித்தார். காரணம் மட்டும் விளங்கவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சென்றபின், ஜப்பானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைத் தாக்கிய நோயை ஆராய்ந்த இனாடா, இடோ என்னும் அறிஞர்களே கிருமியைக் கண்டனர். சுரங்கமோ தோட்டமோ, ஈரத்தில் நின்று பிழைப்போரையே இக்கிருமி முதலில் அடைகின்றது.

எலியின் சிறுநீரகத்தில் இது குடியிருக்கும். எலிக்கோ பெரும்பாலும் ஒரு துன்பமும் இல்லை. மாடு, நாய், பன்றி ஆகியவற்றிடமும் இஃது உண்டு. சிறுநீரோடு வெளிப்பட்டு, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிர்வாழும், உலர்ந்தால் மடியும். காலின் பித்தவெடிப்பு, முட்கீறல், அட்டை கடித்த புண், கண்ணின் மென்தோல் ஆகிய யாவும் அதற்கு வாயில்களே.

உட்புகுந்த கிருமி குருதியிற் பெருகும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் கடுங்காய்ச்சலும் தலைவலியும் தோன்றும். கெண்டைக்கால் சதை தொடவும் முடியாதபடி நோகும். கண் சிவக்கும், ஆனால் பீளை தள்ளாது. நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவர்கள் பழுதுபட்டுக் குருதி கசிவதே நோயின் உள்ளியல்பு. கல்லீரல் கெட்டால் காமாலை. சிறுநீரகம் கெட்டால் சிறுநீர் குறைதல். நுரையீரலில் குருதி கசிந்தால் உயிருக்கே இடர்.

2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. நீர் வடிந்தபின் எலிக்காய்ச்சல் பலரைப் பற்றிற்று. சேற்றில் இறங்கித் துப்புரவு செய்தோருக்கு நோய்த்தடுப்பாக டாக்சிசைக்ளின் மாத்திரை வழங்கப்பட்டது. கருவுற்ற மகளிரும் சிறுவரும் மருத்துவரைக் கேளாது அதனை உட்கொள்ளலாகாது. முழங்கால்வரை மூடும் ரப்பர் காலணியும், புண்ணின்மீது நீர்புகாத கட்டும் எளிய காப்புகள்.

நோய் கண்டவுடன் பெனிசிலின் முதலிய மருந்துகள் நன்கு பயன்படும். இடர் யாதெனில், காய்ச்சல் கண்ட தொழிலாளி ஊருக்குத் திரும்பிவிடுகிறார். கண் மஞ்சளித்ததும் வீட்டார் கீழாநெல்லி தேடுகின்றனர். அருமையான நாட்கள் கழிகின்றன. ஊர் மருத்துவருக்கோ அவர் எங்கு வேலை செய்தார் என்பது தெரியாது. ‘இரு வாரமாக மலையில் ஏலக்காட்டு ஈரத்தில் நின்றேன்’ என்று நோயாளி முதலிலேயே கூறிவிட்டால், குருதிச் சோதனையும் சிகிச்சையும் அன்றே தொடங்கக்கூடும்.