ஸ்கோர் ஷீட்டில் இல்லாத ஆட்டக்காரன்

கூடைப்பந்து ஆட்டம் முடிந்து கிரவுண்டைவிட்டு வெளியே வந்ததும் நம் பசங்க கேட்கும் முதல் கேள்வி, "யாரு எத்தனை பாயிண்ட்?" என்பதுதான். இரண்டாவது கேள்வி என்று ஒன்று கிடையாது. கேட்கப்படாத அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றி எழுதவே இந்த மலரில் இடம் கேட்டு வாங்கினேன். இரண்டு வருடமாக நம் டீமுக்கு ஸ்கோர் எழுதுபவன் நான். ஆடத் தெரியாது, எண்ணத் தெரியும்!

இந்த விளையாட்டு 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் பிறந்தது. ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கியது. பாயிண்ட்டை அன்றே எண்ணிவிட்டார்கள். மற்றதையெல்லாம் எண்ண வெகுகாலம் ஆயிற்று. தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.விலேயே, எதிரி எறியும் பந்தைத் தட்டிவிடும் 'பிளாக்', பந்தைப் பறிக்கும் 'ஸ்டீல்' இரண்டையும் 1973-74 சீசனில்தான் கணக்கில் எழுதத் தொடங்கினார்கள். பாஸ்டன் அணியின் பில் ரஸ்ஸல் 13 சீசன் ஆடி 11 முறை கோப்பை வென்றவர். பந்தைத் தட்டிவிடுவதில் மன்னன் என்று பேர் எடுத்தவர். அவர் 1969-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். எத்தனை பந்து தட்டினார் என்று கேட்டால் அதிகாரப்பூர்வமான கணக்கே இல்லை!

சரி, எண்ணினால் என்ன தெரியும்? ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2010 ஜூன் 17, என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம். லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் 83, பாஸ்டன் செல்டிக்ஸ் 79. நாலே பாயிண்ட் வித்தியாசத்தில் கோப்பை.

லேக்கர்ஸ் அணியின் பெரிய ஆட்டக்காரர் கோபி பிரையண்ட். அன்று அவர் 24 முறை கூடைக்கு எறிந்தார், 6 மட்டுமே விழுந்தது. மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த ஆறும் வீண். அணி மொத்தமும் அப்படித்தான், 83 எறிந்து 27. அதாவது நூற்றுக்கு 33கூட இல்லை. செல்டிக்ஸ் 71 எறிந்து 29 போட்டது, ஏறக்குறைய நூற்றுக்கு 41. ஃப்ரீ த்ரோவிலும் செல்டிக்ஸ் 17-க்கு 15, லேக்கர்ஸ் 37-க்கு 25. நன்றாக எறிந்தவர்கள் தோற்றார்கள், மோசமாக எறிந்தவர்கள் ஜெயித்தார்கள். இதென்ன கூத்து?

விடை ரீபவுண்ட் என்ற கட்டத்தில் இருக்கிறது. விழாமல் போர்டிலோ வளையத்திலோ பட்டுத் திரும்பும் பந்தை எடுப்பதுதான் ரீபவுண்ட். எதிரி தவறவிட்டதை எடுத்தால் அது டிஃபன்ஸ் ரீபவுண்ட். நம் ஆளே தவறவிட்டதை நாமே மீண்டும் எடுத்தால் அஃபன்ஸ் ரீபவுண்ட், அதாவது இன்னொரு வாய்ப்பு. அன்று செல்டிக்ஸ் இப்படி எடுத்தது 8. லேக்கர்ஸ் எடுத்ததோ 23! அதனால்தான் அவர்களுக்கு எறிய 12 வாய்ப்பு கூடுதலாகக் கிடைத்தது. பரீட்சையில் பெயிலானவனுக்கு மறுபடி மறுபடி அரியர் எழுத இடம் கொடுத்த மாதிரி.

பாவ் கசோல் 18 ரீபவுண்ட், அதில் பாதி அஃபன்ஸ். எறிதல் கைவிட்ட பிரையண்ட்டும் 15 எடுத்தார். இரண்டு பேர் சேர்ந்து 33. செல்டிக்ஸ் அணி மொத்தத்துக்கே 40தான். கடைசி நிமிடத்தில் லேக்கர்ஸ் 79-76 என்று முன்னிலையில் இருந்தபோது பிரையண்ட் எறிந்தது தவறியது. செல்டிக்ஸ் எடுத்திருந்தால் ஒரே எறியில் சமன். ஆனால் கசோல் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார், பிரையண்ட் ஃபவுல் வாங்கி இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார். 81-76. அந்த இரண்டு பாயிண்ட்டும் பிரையண்ட் பேரில் ஏறியது. கசோலுக்கு ஒரு ரீபவுண்ட், அவ்வளவே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செல்டிக்ஸ் அணியின் கெண்ட்ரிக் பெர்கின்ஸ் ஆறாவது ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு அன்று ஆடவில்லை. அதிகம் பாயிண்ட் போடுபவர் அல்ல, போர்டுக்குக் கீழே உடம்பைக் குறுக்கே வைத்து எதிரியை நெருங்கவிடாமல் நிற்பதே அவர் வேலை. ஆடாதவர் பேருக்கு நேரே எண் ஏது? அவர் இல்லாத குறையை எதிரணியின் 23-ல் தேட வேண்டியிருக்கிறது.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். நாம் ஆட்டங்களில் எழுதும் ஸ்கோர் ஷீட்டில் பேர் உண்டு, பாயிண்ட் உண்டு, ஃபவுல் உண்டு, டைம் அவுட் உண்டு. ரீபவுண்டுக்குக் கட்டம் இல்லை. பெரிய போட்டிகளில் அதற்கென்று தனியாக ஆள் உட்கார்ந்து எழுதுகிறார்கள், நம்மிடம் அது கிடையாது. நம் டீமில் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு நண்பன் இருக்கிறான். உயரம் சுமார்தான். ஆனால் பந்து கையைவிட்டுப் போகும்போதே அது எந்தப் பக்கம் திரும்பும் என்று கணித்து, எதிரியை முதுகால் மறித்து நின்றுவிடுவான். சென்ற ஆண்டு ஒரு போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். இவன் பேர் இல்லை. கேட்டதற்கு, "நாலு மேட்ச்ல ஒம்பது பாயிண்ட்டுதானப்பா?" என்றார்கள். ஷீட்டைப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான். ஷீட்டே அரைக் கணக்கு என்பதுதான் என் வழக்கு.

எங்கள் வீட்டில் நான்தான் முதலில் படிக்க வந்தவன். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். அப்பா வெட்டுவார், அம்மா சோகை கழித்துக் கட்டுக் கட்டும். மேஸ்திரி நோட்டில் இருப்பது அப்பா பேர் மட்டும். "கட்டாத கரும்பு எப்படிடா லாரி ஏறும்?" என்று அம்மா சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஆகவே இந்த ஆண்டு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். பேருக்கு நேரே எறிந்தது, விழுந்தது, அஃபன்ஸ் ரீபவுண்ட், டிஃபன்ஸ் ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், பந்தைப் பறிகொடுத்தது என்று கட்டங்கள். ஒரு சங்கதிக்கு ஒரு கோடு, ஐந்தானால் குறுக்கே ஒரு வெட்டு. ரீபவுண்டில் சண்டை வராது, எடுத்தவன் கையில் பந்து இருக்கும். அசிஸ்டில்தான் தகராறு. 'இவன் கொடுத்ததால்தான் அவன் போட்டான்' என்று எழுதுகிறவன் தீர்மானிக்க வேண்டும், சிநேகிதனுக்குக் கை தாராளமாக நீளும்! இந்த எண்களும் முழுசாகப் பேசிவிடாது. 2010 ஆட்டத்தில் செல்டிக்ஸ் அணியின் கெவின் கார்னெட்டுக்கு 3 ரீபவுண்ட்தான், ஆனால் 13 எறிந்து 8 போட்டவர் அவர். ஒரு கட்டத்தை மட்டும் பார்த்து ஆளைக் கழிப்பது பழைய தப்பைப் புது நோட்டில் எழுதுவதாகும்.

ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத, இரண்டு பேர் வேண்டும். இப்போதைக்கு நான் ஒருவனே பார்த்து நானே எழுதுவதால் வேகமான ஆட்டத்தில் சில பந்து தப்பிவிடுகிறது. நோட்டு விளையாட்டு அறையில் இருக்கிறது. முதலாமாண்டு மாணவர்கள் யாராவது மாலை நாலரைக்கு வந்தால் ஒரே ஆட்டத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவேன்.