பத்துக்குப் பத்து வாங்கிய பள்ளியிலும் மாத்திரை கிடைக்கும்

அமெரிக்காவில் எந்தத் தெருவில் குடியிருக்கிறோமோ, பெரும்பாலும் அந்தத் தெருவுக்குரிய அரசுப் பள்ளியில்தான் பிள்ளைக்கு இடம். அதனால் ஃப்ரிஸ்கோ, ஆஷ்பர்ன், எடிசன் என்று புறநகர்களில் வீடு தேடும் நம்மவர்கள் முதலில் பள்ளியின் ரேட்டிங்கைப் பார்க்கிறார்கள். பத்துக்கு எட்டுக்குக் கீழே என்றால் அந்த வீட்டை எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. கிரேட்ஸ்கூல்ஸ் போன்ற தளங்கள் தரும் அந்த எண், தேர்வு மதிப்பெண், மாணவர் முன்னேற்றம், கல்லூரிக்கான ஆயத்தம் ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் என்ன கைமாறுகிறது என்பது அந்தக் கணக்கில் வராது. விலை கூடுதலான ஊரில் வீடு வாங்கினால் போதைக் கவலை விட்டது என்று நினைப்பவர்களுக்கு ஆய்வுகள் வேறு செய்தி வைத்திருக்கின்றன.

இந்தியாவில் பிறந்த உளவியலாளர் சுனியா லூதர், 1999இல் வசதியான புறநகர் மாணவர்களையும் நகரத்தின் ஏழைப் பகுதி மாணவர்களையும் ஒப்பிட்டார். சிகரெட், மது, கஞ்சா, அதைவிடக் கடுமையான போதைப்பொருள் எல்லாவற்றிலும் புறநகர்ப் பிள்ளைகளே முன்னால் இருந்தார்கள். பின்னர் அவர் குழு நியூ இங்கிலாந்தின் வசதியான புறநகர்ப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. 26 வயதுக்குள் மதுவுக்கோ போதைக்கோ அடிமையானவர்கள் ஆண்களில் 23 முதல் 40 சதவீதம், பெண்களில் 19 முதல் 24 சதவீதம். தேசிய அளவைப்போல இரண்டு, மூன்று மடங்கு. 2019இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கையே, அதிகச் சாதனை எதிர்பார்க்கும் பள்ளிகளின் மாணவர்களை ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய பிரிவினரில் சேர்த்தது.

2023இல் வந்த இன்னொரு ஆய்வு நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில், மருத்துவர் தராமலேயே அடரால் போன்ற கவனக்குறைபாட்டு மாத்திரைகளை உட்கொள்ளும் மாணவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். சில பள்ளிகளில் ஒருவர்கூட இல்லை. சில பள்ளிகளில் நான்கில் ஒருவர். அதிகம் இருந்த பள்ளிகளின் அடையாளங்களில் இரண்டு: புறநகரில் இருப்பது, பெற்றோர் நிறையப் படித்திருப்பது. தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழிக்க நண்பன் தரும் மாத்திரையைப் பிள்ளைகள் போதை என்று நினைப்பதே இல்லை. ‘நம்ம பிள்ளை அப்படி இல்லை’ என்ற நம்பிக்கை உடையும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஊர்சுற்றிக்கு மட்டுமல்ல, முதல் மதிப்பெண் வாங்குபவனுக்கும் இதில் ஆசை வரலாம்.

ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பழக்கம் குறைந்துதான் வருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975 முதல் நடத்தும் கணக்கெடுப்பில், 2024இல் பன்னிரண்டாம் வகுப்பினரில் 67 சதவீதம் பேர் அதற்கு முந்தைய 30 நாளில் மது, கஞ்சா, நிக்கோடின் எதையும் தொடவில்லை. ஆனால் பழக்கம் குறைந்த அதே காலத்தில் சாவு கூடியது. 2022இல் 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 22 பேர் போதை மிகையால் இறந்தார்கள்.

காரணம் ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு (அபின் வகை மருந்து), அது கலந்த போலி மாத்திரைகள். ஒரு பக்கம் ‘எம்’, மறுபக்கம் ‘30’ என்று பொறித்த சின்ன நீல மாத்திரை. பார்வைக்கு மருந்துக்கடை வலி மாத்திரையேதான். திருட்டு அச்சில் அழுத்தியது என்பதால் கலவை சீராக இருக்காது. ஒரே பையிலிருந்து ஒருவன் தின்றது ஒன்றும் செய்யாது, அடுத்தவன் தின்றது கொன்றுவிடும். உயிரைப் பறிக்க 2 மில்லிகிராம் போதும் என்கிறது போதைத் தடுப்பு முகமையான டிஇஏ. அது 2023இல் சோதித்த போலி மாத்திரைகளில் பத்தில் ஏழில் அந்த அளவு இருந்தது. 2024இல் பத்தில் ஐந்து. அடரால், பதற்ற மாத்திரையான சேனாக்ஸ் என்ற பெயர்களிலும் போலிகள் உண்டு. ஸ்னாப்சாட்டில் கேட்டால் வாசலுக்கே வந்துவிடுகிறது.

வர்ஜீனியாவின் லவுடன் கவுன்டி, வருமானத்தில் அமெரிக்காவின் முன்னணி கவுன்டிகளில் ஒன்று. 2023 இலையுதிர் காலத்தில் அங்குள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓபியாய்டு மிகையில் விழுந்தார்கள். பெற்றோருக்குத் தகவல் தாமதமாக வந்தது பெரும் சர்ச்சையானது. அதன் பிறகே, இத்தகைய சம்பவத்தை 24 மணி நேரத்துக்குள் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆளுநர் உத்தரவிட்டார். டெக்சஸின் பிளேனோவில் 1990களின் பிற்பகுதியிலேயே ஹெராயினுக்கு இளைஞர்கள் வரிசையாகப் பலியானார்கள். அதுவும் வசதியான புறநகர்தான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நியூ ஜெர்சியில் பள்ளிவாரி ஆண்டறிக்கையில் போதைப்பொருள் சம்பவங்களின் எண்ணிக்கை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 7, 9, 11ஆம் வகுப்பு மாணவர்களிடம் எடுக்கும் ஹெல்தி கிட்ஸ் கணக்கெடுப்பு மாவட்டவாரியாகக் கிடைக்கும். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸும் தன் மாணவர் கணக்கெடுப்பை வெளியிடுகிறது. இவற்றை வாசிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. சம்பவம் பூஜ்யம் என்று காட்டும் பள்ளி சுத்தமான பள்ளியாக இருக்கலாம், கண்டுகொள்ளாத பள்ளியாகவும் இருக்கலாம். பிடிபட்டதைக் காட்டும் எண்ணைவிட, பெயர் சொல்லாமல் மாணவர்களே தந்த பதிலை நான் அதிகம் நம்புவேன். தலைமையாசிரியரைச் சந்தித்தால் நேராகக் கேளுங்கள்: பிடிபட்ட பிள்ளைக்கு முதலில் ஆலோசகரா, சஸ்பென்ஷனா? ஓபியாய்டு மிகையை முறிக்கும் நலோக்சோன் மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்? சம்பவம் நடந்தால் எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்? மழுப்பினால் அதுவும் ஒரு பதில்.

விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு கத்தி தொங்குகிறது. மாநிலம் கஞ்சாவை அனுமதித்தாலும் குடியேற்றச் சட்டம் மத்திய அரசின் கையில். அங்கே அது குற்றமே. பன்னிரண்டாம் வகுப்பிலேயே பல பிள்ளைகளுக்கு 18 வயதாகிவிடுகிறது. அதன்பின் ஒரு தீர்ப்பு கிரீன் கார்டையே பதம் பார்க்கலாம்.

மூக்கில் அடிக்கும் நலோக்சோன் 2023 செப்டம்பர் முதல் மருந்துச்சீட்டில்லாமலே கிடைக்கிறது. இரண்டு டப்பா கொண்ட ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தபோது ஏறக்குறைய 45 டாலர். மூச்சு நின்றுபோகும் நிலையில் கிடப்பவரை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு மூக்குத் துவாரத்தில் அழுத்தி, 911ஐ அழைக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவில்லை என்றால் இரண்டாவதை அடிக்கலாம். 2019 முதல் 2021 வரையிலான பதின்வயதுப் போதை மிகைச் சாவுகளை அலசிய அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஒன்றைக் கண்டது: மூன்றில் இரண்டு பேர் இறந்தபோது அருகில் யாரோ ஒருவர் இருந்தார். பெரும்பாலும் எதுவும் செய்யவில்லை. புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் முன் இரண்டு டப்பா வாங்கி வையுங்கள். எங்கே இருக்கிறது, எப்படி அடிப்பது என்பதைப் பிள்ளைக்கும் காட்டிவிடுங்கள்.