மலைமேல் ஓடுபாதை: இறங்குவது ஏன் கடினம்?

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் சென்னையிலிருந்து தென்மேற்கே பறந்தால் நெசவு ஊரான ஆரணி வரும். செயற்கைக்கோள் படங்களிலிருந்து செய்த தரை என்பதால் கமண்டல நாகநதியும் ஜவ்வாது மலையும் தெரியும். தறிச் சத்தம்தான் கேட்காது!

மலைமேல் இறங்கிப் பார்க்க, அதே சிமுலேட்டரில் கோழிக்கோட்டு விமான நிலையத்துக்குப் போங்கள். குன்றின் தலையைச் சமன்செய்து போட்ட பாதை. முனையைத் தாண்டினால் பள்ளம். பின்காற்று தள்ளி, தரையில் வேகம் 10 சதவீதம் கூடினாலே இயக்க ஆற்றல் 21 சதவீதம் கூடும். அத்தனையையும் பிரேக் தின்றாக வேண்டும். மழையில் டயருக்குப் பிடிப்பும் குறையும். 2020 ஆகஸ்ட் 7 அன்று அங்கே நிஜத்திலேயே பின்காற்று, மழை இரண்டும் சேர்ந்தன. தரையிறங்கிய ஒரு விமானம் பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தனர்.

உயரம் கணிக்கக் கண்ணை நம்பாதீர்கள். பாதையோரம் நான்கு விளக்குகள் இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவு. நான்கும் சிவப்பா? மிகத் தாழ்ந்துவிட்டீர்கள், விசையைக் கூட்டுங்கள்.